யார் பார்த்தது, யார் தொட்டது

எனக்குக் கொஞ்சம் கர்வம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு. பழவேற்காடு ஏரிக்கரையில், மீன் வாடை போகாத ஒரு கொட்டகையில் ஓடிய கம்ப்யூட்டருக்குள், யார் யாருடைய கணக்கைத் திறந்தார்கள் என்பதை ஒருவரையும் காக்க வைக்காமல் குறித்துக்கொள்ளும் புரோகிராமை எழுதியவள் நான். அதை எழுதிய காலத்தில் எங்கள் குப்பத்தில் பாதி வீடுகளுக்குக் கரண்டு கிடையாது. இன்றைக்கு யாரிடமாவது இதைச் சொன்னால், "இதுல என்னங்க இருக்கு, அதெல்லாம் தானா நடக்குமே" என்கிறார்கள். தானாக எதுவும் நடக்காது. எங்கேயோ ஒருத்தி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால்தான் மற்றவர்களுக்கு அது தானாக நடக்கும்.

எங்கள் குப்பம் ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டி இருக்கிறது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுபதுகளில் நான் பாவாடை கட்டித் திரிந்த நாட்களில் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அவருடைய குரல். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களில் எல்லோரும் எல்லா நாளும் வலை கட்ட முடியாது. குலுக்கல் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இந்தக் குழுவுக்கு, நாளைக்கு அடுத்த குழுவுக்கு என்று முறை பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். முறை வந்தவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் வரை மற்றவர்கள் அங்கே வலை இறக்கக் கூடாது. படகில் அந்தப் பக்கமாகப் போகலாம், பார்க்கலாம், பேச்சுக் கொடுக்கலாம். வலை மட்டும் நனையக் கூடாது. சுற்று வட்டாரக் குப்பங்களின் பெரியவர்கள் பாயில் உட்கார்ந்திருக்க, குலுக்கலில் விழுந்த முறையை உரக்கக் கூவுகிறவர் நைனா. பெண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பார்கள். நான் கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் நின்று, எனக்கு ஏன் பாயில் இடமில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

பொன்னேரியில் கல்லூரி. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பிக் கணக்கு படித்தேன். பிறகு மெட்ராஸில் ஒரு சின்ன இன்ஸ்டிடியூட்டில் கம்ப்யூட்டர். அங்கே என்னோடு படித்தவர்கள், நான் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, மூக்கைச் சுருக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பார்கள். சுருக்கியவர்களுக்குப் பாடத்தில் சந்தேகம் வந்தபோது நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதும் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று ஆரம்பாக்கத்தில் இறால் கொள்முதல் செய்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு திட்டத்தின் கீழ் அவர்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு பெரிய பெட்டி, அதிலிருந்து கம்பி இழுத்து மூன்று திரைகள். கொட்டகையில் இருந்த மூன்று தராசுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். முதல் திரையில் ஓர் அக்கா. பழவேற்காட்டில் ஒரு காலத்தில் கப்பல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, ஆரம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். இரண்டாவது திரையில் உள்ளூர் நெல் விவசாயக் குடும்பத்துப் பையன் ஒருவன். என்னைவிட இரண்டு வயது பெரியவன்தான், ஆனாலும் பையன் என்றுதான் சொல்வேன். இறால் மீசை கையில் பட்டால் துள்ளுவான். மூன்றாவது திரை எனக்கு. புரோகிராம் எழுதுவதும் என் வேலை. எங்களுக்குப் பெயருக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர்.

எல்லாக் குழுக்களின் கணக்கும் ஒரே ஃபைலில் இருந்தது. குழுவுக்கு ஒரு ரெக்கார்டு. ஒரே குழுவின் இரண்டு படகுகள் இரண்டு தராசுக்கு வந்துவிட்டால், இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஒரே கணக்கில் எடையைப் போட்டு எண்ணைக் குழப்பிவிடலாம். அது நடக்காமல் இருக்க, எடை போடுகிறவர் அந்தக் குழுவின் ரெக்கார்டை மட்டும் பூட்டிக்கொள்வார். எண்ணைத் தட்டியதும் பூட்டு விட்டுவிடும். அடுத்தவர் ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்தால் போதும். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் தோணிரேவிலிருந்து வரும் குழுவின் தலைவர் கையிலிருந்த எடைச் சீட்டுக்கும் திரையில் இருந்த எடைக்கும் ஒத்துப்போகவில்லை. சீட்டில் இருந்ததுதான் தப்பு. அந்தப் பையன் கூடையோடு சேர்த்து எடை போட்டுவிட்டு, பிறகு கூடையைக் கழித்துக் கணக்கில் திருத்தியிருந்தான். நியாயமான திருத்தம்தான். ஆனால் அதை எப்போது செய்தான், என்ன இருந்ததை என்னவாக மாற்றினான் என்று காட்ட எங்களிடம் எதுவுமே இல்லை. தோணிரேவுத் தலைவர் ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தாமல் பேசுவார். அதனாலேயே அவர் பேச்சு சுருக்கென்று தைக்கும்.

"நோட்டுல அடிச்சி எழுதினா அடிச்ச தடமாவது இருக்கும்மா. இந்தப் பொட்டில இன்னா இருக்குது? எவன் வந்தான், எவன் பாத்தான், எவன் மாத்தினான்னு நான் எப்டித் தெரிஞ்சிக்கிறது?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் அப்படித்தான் ஏறும். அவர் 'எவன் பாத்தான்' என்று கேட்டதற்கு மெட்ராஸ்காரர்கள் யாராவது இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள், பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஏரியில் பார்ப்பதுதான் பாதி விஷயம். பாடு போடாத இடங்களில் யார் வேண்டுமானாலும் வலை போடலாம். எந்தக் குழுவுக்கு இந்த வாரம் இறால் கூடியிருக்கிறது என்று தெரிந்தால், அவர்கள் படகு எந்தப் பக்கம் போனது என்று விசாரித்துக்கொண்டு மறுநாள் நாலு படகு அங்கே போய் நிற்கும். ஆகவே மாற்றியவரைப் போலவே பார்த்தவரும் யாரென்று தெரிந்தாக வேண்டும்.

இது பெரியவர்கள் கூட்டத்துக்குப் போயிற்று. கம்ப்யூட்டரைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பழையபடி நோட்டுக்கே போகலாம் என்று தோணிரேவுக்காரர்கள் கேட்டார்கள். மற்ற குப்பத்துக்காரர்களும் தலையாட்டினார்கள். அப்போது நைனா எழுந்திருக்கிறார்.

"அந்தத் தடத்த என் பொண்ணு பொட்டிக்குள்ளயே போட்டுத் தருவா. தரலன்னா பொட்டிய மூட்ட கட்டிறலாம். அதுவரிக்கும் நான் இந்தப் பாய்ல குந்த மாட்டேன்."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாயை விட்டு இறங்கிவிட்டாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டரைப் பற்றி உனக்கு என்ன தெரியும், நான் முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன செய்வாய் என்று கத்தினேன். அவர் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு, "உன்னால ஆவாதா?" என்றார். யார் சொன்னது ஆகாதென்று, எனச் சீறிவிட்டேன். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

பாயில் உட்காராதவர் முறை கூவ முடியாது. அடுத்த குலுக்கலில் வேறொருவர் கூவினார். கூட்டம் நடக்கும்போது நைனா பாய்க்கு வெளியே, மணலில் நின்றுகொண்டிருந்தார். வயதில் சின்னவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் நின்றார். கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் அப்படி நிற்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

தடம் என்றே அந்தப் புரோகிராமுக்குப் பெயர் வைத்தேன். அமாவாசைக்கு இறால் கூடும், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நான் மீனவர் வீட்டுப் பெண், எனக்குத் தெரிந்த ஒழுங்கு பாடுதான். அதையே பெட்டிக்குள் போட்டேன். தடம் எழுத ஒரே ஒரு ஃபைல். யார் எந்தக் கணக்கைத் தொட்டாலும், சும்மா பார்த்தாலும்கூட, அந்தத் தடம் ஃபைலைப் பூட்டி, அதில் ஒரு வரி எழுதி, கணக்கில் தன் வேலை முடியும் வரை கையிலேயே வைத்திருந்து, பிறகுதான் விட வேண்டும். அதுவரை மற்ற இருவரும் முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஏரியில் நைனா செய்ததைத்தான் நான் பெட்டிக்குள் செய்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தனியாக உட்கார்ந்து சோதித்தபோது வெண்ணெய் மாதிரி ஓடியது. தனியாக உட்கார்ந்தால் எதுதான் ஓடாது?

அமாவாசை வந்தது, இறாலும் வந்தது. விடிந்ததிலிருந்து படகுகள் அடுத்தடுத்துச் சேர்ந்தன. கொட்டகை முழுக்கக் கூடை. தராசில் முள் நிற்பதற்குள் அடுத்த கூடை ஏறுகிறது. அந்த நெரிசலில் அக்கா ஒரு குழுவின் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்ட பழைய எடையை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார். அவர் படிக்கும் வரை தடம் அவர் கையில். என் திரையும் பையனின் திரையும் 'காத்திருக்கவும்' என்று காட்டிக்கொண்டே நின்றன. அது முடிந்தது, மூச்சு விட்டோம். பிறகு மூன்று திரையும் ஒரேயடியாக நின்றன.

நடந்தது இதுதான். எடை போடும் புரோகிராமில் முதலில் கணக்கைப் பூட்டிவிட்டுப் பிறகு தடத்தைக் கேட்கும்படி எழுதியிருந்தேன். பார்க்கும் புரோகிராமில் முதலில் தடத்தைப் பூட்டிவிட்டுப் பிறகு கணக்கைக் கேட்கும்படி. பையன் தோணிரேவுக் கணக்கைப் பூட்டிக்கொண்டு எடை போடத் தடத்துக்குக் காத்திருந்தான். அக்கா தடத்தைப் பூட்டிக்கொண்டு அதே தோணிரேவுக் கணக்கைப் பார்க்கக் காத்திருந்தார். இவரிடம் இருப்பது அவனுக்கு வேண்டும், அவனிடம் இருப்பது இவருக்கு வேண்டும், இருவரும் விட மாட்டார்கள். தடம் கிடைக்காமல் என் திரையும் நின்றது. நாள் முழுக்க நின்றாலும் விடிவு கிடையாது. சும்மா பார்க்கப் போகிறவரைக்கூடக் கணக்கைப் பூட்டச் சொல்லியிருந்தேன் பாருங்கள், அது என் மூளை.

இதெல்லாம் இப்போது கோர்வையாகச் சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்தது மூன்று செத்த திரைகளும், உருகி ஓடும் ஐஸும், "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு" என்று என் தலைக்கு மேல் ஐம்பது குரலும்தான். சங்கத்தின் செயலாளர் வந்து பெட்டியை அணைத்தார். நோட்டை எடுங்கள் என்றார். தோணிரேவுத் தலைவர் அதற்குக்கூட நிற்கவில்லை. தன் கூடைகளை எடுத்துக்கொண்டு, நெடுஞ்சாலை ஓரம் லாரியோடு நிற்கும் தனி வியாபாரியிடம் போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்து, "பேஜாராப் போச்சே கண்ணு" என்றார், கோபமே இல்லாமல். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திரும்பச் சொல்லியிருப்பேன்.

நைனா கரையில்தான் இருந்தார். தன் குழுவின் இறாலை நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு என் பக்கம் வராமலே போனார். வீட்டிலும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் பேச்செடுத்தால் வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அடுத்த கூட்டத்திலும் மணலில் நின்றார் என்று கேள்விப்பட்டேன். அதற்கடுத்துச் சில நாட்கள் அவர் ஏரிக்குப் போனாரா, கரையிலேயே குந்தியிருந்துவிட்டு வந்தாரா என்றே எனக்குத் தெரியவில்லை. கேட்டால் பதில் வராது. அம்மாவும் வாயைத் திறக்கவில்லை.

கம்ப்யூட்டர் கொடுத்த மெட்ராஸ் கம்பெனியில் செயலாளர் போனில் கேட்டார். தடமும் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் இதைவிடப் பெரிய பெட்டி வாங்குங்கள் என்றார்களாம். செயலாளர் என்னிடம் நயமாகத்தான் சொன்னார்: பௌர்ணமி வரைக்கும் பார்க்கிறேன், அதற்குப் பிறகு பெட்டியைத் துணி போட்டு மூடிவிடலாம் என்று. என் வேலையும் அந்தத் துணிக்குள் போய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கு என் வேலை பெரிதாகப் படவில்லை. நைனா சாகும் வரை மணலில் நிற்பார் என்பதுதான் பெரிதாகப் பட்டது. அவர் பிடிவாதம் எனக்குத் தெரியாதா, அதில் பாதியை எனக்கல்லவா கொடுத்திருக்கிறார்.

எனக்கு வழி கிடைத்தது பெட்டியின் முன்னால் அல்ல, சங்கத்து வாசலில். உள்ளே நுழையும் முன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே நோட்டு, அதில் நூலால் கட்டிய ஒரே பேனா. பேனாவை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதாம். அன்றைக்கு எனக்கு முன்னால் அக்கா. பேனாவைக் கையில் எடுத்தவர், இன்றைக்கு என்ன தேதி என்று வாட்ச்மேனைக் கேட்டார். பிறகு கண்ணாடியைத் தேடினார். பிறகு வாட்ச்மேனின் மகனுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பேனா மட்டும் கையை விட்டு இறங்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. வாட்ச்மேனிடம், ஆளுக்கொரு தாள் கொடுங்கள், எங்கள் பாட்டுக்கு எழுதிக்கொள்கிறோம் என்று எரிந்து விழுந்தேன்.

வாட்ச்மேன் விட்டுக்கொடுப்பாரா? "ஆளுக்கொரு தாளுன்னா யாரு மொதல்ல வந்தா, யாரு பின்னால வந்தான்னு எப்டிம்மா தெரியும்?" என்றார்.

"மணியப் போட்டுக் கையெழுத்துப் போட்டாத் தெரியாதா? சாயங்காலமா மணிப்படி அடுக்கிக்க வேண்டிதான" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. கத்தியது நான்தான், கேட்டுக்கொண்டதும் நான்தான். கையெழுத்துப் போடாமலே உள்ளே ஓடினேன். அன்றைக்கு எனக்கு ஆப்சென்ட் போட்டார்கள். போட்டுக்கொள்ளட்டும்.

மூன்று திரைக்கும் ஆளுக்கொரு தடம் ஃபைல். முதல் திரை எழுதுவது அதன் ஃபைலில், இரண்டாவது எழுதுவது அதன் ஃபைலில். ஒருவர் ஃபைலில் இன்னொருவருக்கு வேலையே இல்லை, ஆகவே பூட்டுக்கும் வேலை இல்லை. திற, கடைசியில் ஒரு வரி சேர், மூடு. அவ்வளவுதான். மூன்று திரையும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை, அதனால் மூன்றுக்கும் ஒரே கடிகாரம். கொட்டகை காலியான பிறகு மூன்று ஃபைலையும் சேர்த்து மணிப்படி அடுக்கினால் அன்றைய தடம் முழுதாக வந்துவிடும். கணக்கை மாற்றினால் பழைய எண்ணும் புது எண்ணும் வரியில் ஏறும். சும்மா பார்த்தால் பார்த்தது மட்டும் ஏறும், கணக்கைப் பூட்டத் தேவையில்லை. அடுத்தவர் பாடு நடக்கும் இடத்துக்குப் படகில் போய்ப் பார்க்கலாம், வலை மட்டும் நனையக் கூடாது. இதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும். பாடு முறையின் பாதி ஒழுங்கைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன், மற்ற பாதி இப்போதுதான் புத்திக்கு எட்டியது.

இந்த முறை தனியாகச் சோதிக்கவில்லை. அக்காவையும் பையனையும் உட்கார வைத்து, மூவரும் ஒரே கணக்கை மாற்றி மாற்றித் திறந்து, போட்டு, பார்த்து, வேண்டுமென்றே மோதினோம். அக்காவிடம் கணக்கைத் திறந்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். அவர் வழக்கம்போல நிதானமாகக் குடித்துவிட்டு வந்தார். எங்கள் திரை ஒரு நொடியும் நிற்கவில்லை. பையன் இறால் மீசை பட்டதுபோலத் துள்ளினான்.

பௌர்ணமிக்குப் படகுகள் வந்தன. தோணிரேவுக்காரர்களும் வந்தார்கள். லாரிக்காரரிடம் போதுமான ஐஸ் இல்லை என்பதுதான் காரணம், எங்கள்மேல் பிரியம் ஒன்றும் இல்லை. கையால் எழுதிய எடைச் சீட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று கண்டிஷன் போட்டார்கள். சரியென்றோம். அன்றைக்குக் கொட்டகையில் சத்தம், சண்டை, சிரிப்பு எல்லாம் இருந்தது. திரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. தடம் என்று ஒன்று எழுதப்படுவதையே யாரும் உணரவில்லை. ஒருவர்கூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அமாவாசையன்று அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்காத இந்த நாளுக்கு ஈடாக எனக்கு எந்தப் பாராட்டும் வேண்டியிருக்கவில்லை. மதியம் சாப்பிடும்போது காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேனாம், அக்கா சொன்னார்.

அந்த வாரத்துத் தடத்தை அச்சடித்துக் கூட்டத்தில் வைக்க வேண்டும். மடித்து மடித்து வந்த நீளத் தாளைச் செயலாளர் முதலில் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். மூன்றாம் நம்பர், என் நைனா குழுவின் கணக்கைப் பார்த்தது. மறுநாளும் பார்த்தது. அதற்கு மறுநாளும். எடை போடுவதற்காக அல்ல, சும்மா பார்த்தது. செயலாளர் என்னைத் தனியாக அழைத்து, இது தேவையில்லாத பேச்சுக்கு இடம் கொடுக்கும், உன் நம்பரை எடுத்துவிட்டு வேறு தாள் அடித்துவிடு, நீதானே எழுதினாய், உனக்குத் தெரியாதா என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வரியை எடுத்தால் அப்புறம் இது எதற்கு, நோட்டே போதுமே என்றேன். தாளை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

கூட்டத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், படித்துச் சொல்வதற்கு. பாயில் அல்ல, பாய்க்கு வெளியே. நைனா ஒரு பக்கம் மணலில் நிற்க, நான் ஒரு பக்கம் நின்றேன். வரி வரியாகப் படித்தேன்: எந்த மணி, எந்த நம்பர், எந்தக் குழு, பார்த்ததா, மாற்றியதா, என்னவாக இருந்தது, என்னவாக ஆனது. தோணிரேவுத் தலைவர் தன் குழுவின் வரி வரும்போதெல்லாம் மடியிலிருந்த சீட்டை எடுத்து, நான் படித்த எண்ணோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் ஒத்துப்போயிற்று. பிறகு அந்த வரி வந்தது. விழுங்காமல் படித்தேன். மூன்று முறையும் படித்தேன்.

தோணிரேவுத் தலைவர் தலையைத் தூக்கினார். "மூணாம் நம்பர் யாரு?"

"நான்தான்" என்றேன்.

"உங்க நைனா கணக்கத்தான பாத்துருக்க. இன்னாத்துக்கு?"

நைனா என்னைப் பார்த்தார். அமாவாசைக்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். புரோகிராமைச் சோதித்தேன் என்றால் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நைனா ஏரிக்குப் போனாரா, போவலையான்னு பாத்தேன். எடை ஏறியிருந்தா போயிருக்காருன்னு அர்த்தம், அவரு இல்லாம அவுங்க குழு வலை எறக்காது. வூட்ல கேட்டா சொல்ல மாட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. இத்தனை ஆண்கள் நடுவில் அழுதால் என்னை நானே மன்னிக்க மாட்டேன் என்று தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தோணிரேவுத் தலைவர் கையை நீட்டி அந்தத் தாளைக் கேட்டார். அவருக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும், எண் நன்றாகத் தெரியும். மூன்று என்று இருந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"எழுதினவ நம்பரே தப்பாம உளுந்துருக்குது" என்றார் மற்றவர்களிடம். "அப்போ நம்பலாம்."

தாளை மடித்து வைத்துவிட்டு, தன் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்து நகரச் சொன்னார். அந்த இடத்தில் பாயை உள்ளங்கையால் தட்டினார். நைனாவைப் பார்த்து, "இன்னும் இன்னாத்துக்கு நின்னுகினு? வந்து குந்து" என்றார்.

நைனா காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, பாயில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கிவிட்டு, என்னைப் பார்த்தார்.

"நீயும் வா. இன்னும் தாளு மீதி இருக்குது இல்ல, குந்திப் படி."

போய் உட்கார்ந்தேன். மிச்சத்தை அங்கேயிருந்து படித்தேன்.